‘சேர்க்கை சரியில்லாத’ பையன்களுக்குத் தனி முகாம் வைக்கலாமா? – விவாத இழை

பதிவு 1 – கொழிஞ்சாம்பாறைப் பெற்றோர்

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் வட்டத்தில், தமிழ் வழி வகுப்புகளும் மலையாள வழி வகுப்புகளும் ஒரே வளாகத்தில் நடக்கும் ஒரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகச் (பி.டி.ஏ.) செயற்குழுவில் நானும் ஓர் உறுப்பினர். பள்ளியின் பெயரை இங்கே சொல்வது முறையாகாது. கொஞ்ச காலமாக ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பையன்களைப் பற்றிய புகார்கள் கூடிக்கொண்டே வருகின்றன. மூலத்தறைத் தடுப்பணையிலிருந்து வரும் வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நாட்களில், பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்று குதித்ததில் ஒருவனுக்குக் காறையெலும்பு முறிந்தது. உரிமம் இல்லாத மூன்று பேர் ஒரே ஸ்கூட்டரில் கோபாலபுரம் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது ஒரு பெரியவரை இடித்துத் தள்ளியிருக்கிறார்கள். இரண்டு பேருடைய பைகளில், உதட்டுக்கடியில் அடக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலங்கள் அகப்பட்டன.

இவற்றைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தில் ஒரு யோசனை முன்வைக்கப்பட்டு, ஏறக்குறைய எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். ‘சேர்க்கை சரியில்லாத’ பையன்கள் என்று வகுப்பாசிரியர்கள் கருதும் பதினைந்து பேரைப் பட்டியலிட்டு, ஓணம் விடுமுறையில் அவர்களை மட்டும் மூன்று நாள் தங்கும் முகாமுக்கு அழைத்துச் செல்வது, போதையிலிருந்து மீண்ட ஒருவரைப் பேசவைப்பது, முடிந்தால் சிறைச்சாலை ஒன்றை நேரில் காட்டுவது என்பதே அந்தத் திட்டம். என் மனம் ஏனோ இதற்கு முழுமையாக ஒப்பவில்லை. ஆனால் மறுப்பதற்குக் காரணமும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. என் மகன் அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்காகத்தான் கேட்கிறேன் என்று யாராவது நினைக்கக்கூடும். தங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

பதிவு 2 – கோவிந்தாபுரம் கடைக்காரர்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பூவோடு சேர்ந்தால் நாரும் மணக்கும், பன்றியோடு சேர்ந்தால் கன்றும் கெடும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லிவைக்கவில்லை. கெட்டுப்போனவர்களைத் தனியே எடுத்துத் திருத்தினால்தான் மற்றப் பிள்ளைகள் பிழைப்பார்கள். என் அக்கா மகன் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன், ஒரே ஒரு கூட்டாளியால் பிளஸ் ஒன்னில் தடம் மாறினான். முகாமை நடத்துங்கள், நன்கொடை வேண்டுமானால் என்னால் முடிந்ததைத் தருகிறேன்.

பதிவு 3 – பள்ளி ஆலோசகர், பாலக்காடு

பள்ளிப் பிள்ளைகளுக்கு உளவியல் ஆலோசனை வழங்கும் பணியில் இருப்பவள் நான். இழையைத் தொடங்கியவருடைய தயக்கம் நியாயமானது. அதற்குரிய காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நல்லெண்ணத்தோடு நடத்தப்படும் பல முகாம்கள் இதே வடிவத்தில்தான் அமைகின்றன.

1939ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்னும் இரு நகரங்களைச் சேர்ந்த 506 பையன்களை வைத்து ஒரு பெரிய முயற்சி தொடங்கப்பட்டது. குடும்பச் சூழல், வயது, குணம் ஆகியவற்றில் ஒத்திருந்த பையன்களை இரண்டிரண்டு பேராக இணைத்து, இணையில் ஒருவனுக்கு மட்டும் வழிகாட்டி, மருத்துவ உதவி, படிப்பு உதவி, கோடை முகாம் என்று எல்லாம் கொடுத்தார்கள். மற்றவனுக்கு எதுவும் கொடுக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆன பிறகு ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, உதவி பெற்றவர்கள் பல வகைகளில், உதவி பெறாதவர்களைவிட மோசமான நிலையில் இருந்தார்கள். பின்னர் அவர் தகவல்களை மீண்டும் பிரித்து ஆராய்ந்ததில், ஒரு முறைக்கு மேல் கோடை முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களிடம்தான் அந்தத் தீங்கு குவிந்திருந்தது தெரியவந்தது.

இது ஏன் நேர்கிறது என்பதற்கு ஓரிகன் மாநிலத்தில் தாமஸ் டிஷியன் செய்த ஆய்வுகள் விடை தருகின்றன. அவர் பதின்பருவப் பையன்களை அவரவர் நண்பரோடு ஓர் அறையில் உட்காரவைத்து, அவர்கள் பேசிக்கொள்வதைப் படம்பிடித்தார். ஒருவன் விதிமீறலைப் பற்றிப் பேசும்போது மற்றவன் என்ன செய்கிறான் என்று கவனித்தார். நல்ல விஷயம் பேசினால் மௌனம், திருட்டையோ புகையையோ பேசினால் சிரிப்பு என்று அமைந்த நட்புகளில் இருந்த பையன்கள், பின்னாளில் போதைப் பொருட்களின் பக்கம் அதிகமாகச் சாய்ந்தார்கள். அதட்டலோ கட்டாயமோ அங்கே இல்லை; சிரிப்பு ஒன்றே போதுமானதாக இருந்தது. அதே டிஷியன், வழிதவறும் வாய்ப்பு அதிகம் என்று கருதப்பட்ட பிள்ளைகளைக் குழுக்களாகக் கூட்டித் தன்னடக்கம் கற்பிக்கும் திட்டத்தையும் நடத்தினார். வகுப்புகள் நன்றாக நடந்தன, பிள்ளைகளும் விரும்பி வந்தார்கள், ஆனால் குழுவில் சேர்க்கப்பட்டவர்களிடம் புகைப்பழக்கமும், ஆசிரியர்கள் தெரிவித்த ஒழுங்கீனமும் கூடின. வகுப்பு நேரத்தில் பாடம் நடந்தது. இடைவேளையில் வேறொரு பாடம் நடந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

எனவே, ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவில் இருக்கும் மூன்று பேரையும், பத்தாம் வகுப்பு ‘இ’ பிரிவில் இருக்கும் நான்கு பேரையும், இதுவரை ஒருவரையொருவர் சரியாக அறியாதவர்களையும், நீங்களே வண்டி பிடித்து ஓரிடத்துக்குக் கொண்டுபோய் மூன்று இரவுகள் ஒரே கூடத்தில் படுக்கவைப்பது எதை உண்டாக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பட்டியலே அவர்களுக்கு ஒரு பட்டத்தைக் கொடுத்துவிடும். சிறையைக் காட்டிப் பயமுறுத்தும் திட்டங்களும் அப்படித்தான். 1970களில் அமெரிக்காவில் அவை பெரும் புகழ் பெற்றன. ஆனால் அவற்றில் கலந்துகொண்டவர்களையும் கலந்துகொள்ளாதவர்களையும் முறையாக ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கலந்துகொண்டவர்களே பிற்பாடு அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள்.

குழுவாகக் கூட்டினாலே கேடு என்று நான் சொல்ல வரவில்லை. பிற்காலத்தில் பல குழுச் சிகிச்சைகளை ஒருசேர ஆராய்ந்தவர்கள் எல்லா இடங்களிலும் தீங்கைக் காணவில்லை. கண்காணிப்பு குறைவாகவும், ஓய்வு நேரம் அதிகமாகவும், ஒரே வகைப் பிள்ளைகள் மட்டும் இருப்பதாகவும் அமையும் கூட்டம்தான் அஞ்சத்தக்கது. உங்கள் திட்டத்தில் இந்த மூன்றும் இருக்கின்றன.

பதிவு 4 – ஓய்வுபெற்ற கணக்காசிரியர்

ஆலோசகர் அம்மையார் எழுதியதை இரண்டு முறை படித்தேன். தெளிவாக எழுதியிருக்கிறார், ஆனால் எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன.

முதலாவது, கூட்டாளி கெடுக்கிறான் என்பதையே நான் முழுமையாக நம்புவதில்லை. என் பணிக்காலம் முழுவதும் நான் கண்டது, பின் பெஞ்சுக்குப் போக வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிட்ட பையன்தான் பின் பெஞ்சு நண்பனைத் தேடிக்கொள்கிறான். பெற்றோர் மட்டும் தம் பிள்ளை வெள்ளைத் துணி என்றும், கறை அடுத்த வீட்டிலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள். அடுத்த வீட்டுக்காரரும் அதையே சொல்வார். இரண்டாவது, அமெரிக்கப் பையன் வேறு, நம் பையன் வேறு. இங்கே தெருவில் போகும் யார் வேண்டுமானாலும் பிள்ளையைக் கண்டிக்கலாம் என்ற வழக்கம் இன்னும் ஓரளவு உயிரோடு இருக்கிறது. அங்கே செய்த சோதனையை இங்கே அப்படியே பொருத்தலாமா?

பதிவு 5 – பள்ளி ஆலோசகர், பாலக்காடு

ஐயா, தங்கள் முதல் ஐயம் ஆய்வாளர்களையும் வெகுநாள் படுத்திய கேள்விதான். டெனிஸ் கேண்டல் என்பவர் நியூயார்க் மாநிலப் பள்ளி மாணவர்களின் நட்புகளை ஒரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் பதிவு செய்து, 1978இல் முடிவுகளை வெளியிட்டார். நண்பர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதில், ஒத்தவனைத் தேடிக்கொள்வதற்கும், சேர்ந்த பிறகு ஒத்துப்போவதற்கும் ஏறக்குறையச் சம பங்கு இருந்தது. ஆகவே தாங்கள் கண்டதும் உண்மை, கடைக்காரர் தம் அக்கா மகனிடம் கண்டதும் உண்மையாக இருக்கலாம்.

ஆனால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. நம் விவாதத்துக்கு அதுவே முக்கியமானது என்று கருதுகிறேன். நண்பன் நல்லவனா கெட்டவனா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அவன் அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறானா என்பதே பிள்ளையின் முடிவை மாற்றிவிடுகிறது. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் ஆகிய இருவரும் 2005இல் வெளியிட்ட சோதனையில் 306 பேர் கலந்துகொண்டார்கள். திரையில் ஒரு காரை ஓட்ட வேண்டும். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் போகிறாயோ அவ்வளவு புள்ளி, ஆனால் மோதிவிட்டால் எல்லாம் போயிற்று. சிலர் தனியாக ஆடினார்கள், சிலர் தம் வயதினர் இருவர் அருகில் இருக்க ஆடினார்கள். 24 வயதைக் கடந்தவர்களிடம் கூட்டாளிகள் இருந்ததால் எந்த வேறுபாடும் இல்லை. 18 முதல் 22 வயதுக்காரர்களிடம் துணிச்சல் பாதியளவு கூடியது. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் அது இரு மடங்குக்கும் மேலாகியது. 2011இல் இதே போன்ற ஓட்டும் விளையாட்டை மூளைப் படக் கருவிக்குள் ஆடவைத்தபோது, நண்பர்கள் அடுத்த அறையிலிருந்து திரையில் பார்க்கிறார்கள் என்று சொன்னாலே போதும், பரிசு கிடைக்கும்போது கிளர்ச்சியடையும் மூளைப் பகுதி பதின்பருவத்தினரிடம் கூடுதலாக இயங்கியது. பெரியவர்களிடம் அப்படி நேரவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு அபாயம் தெரியாமல் இல்லை. காகிதத்தில் எழுதச் சொன்னால் நம்மைப் போலவே சரியாக எழுதுவார்கள். பார்க்கும் கண்கள் இருக்கும்போது பலன் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது ஐயத்துக்கும் ஓரளவு விடை உண்டு. 2018இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, இந்தியா உட்பட 11 நாடுகளில் 10 முதல் 30 வயது வரையிலான ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தது. புதுமையும் பரபரப்பும் தேடும் வேட்கை பத்தொன்பது வயதையொட்டி உச்சத்தை அடைவதும், தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே போவதும் பெரும்பாலான நாடுகளில் பொதுவாகவே காணப்பட்டன. ஆனால் அந்த வேட்கை நிஜ வாழ்க்கையில் எந்த ஆபத்தாக வெளிப்படுகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. கையில் வண்டிச் சாவி இருக்கிறதா, பக்கத்தில் கடை இருக்கிறதா, கண்டிக்கும் பெரியவர் தெருவில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது அது. தாங்கள் சொன்ன அந்தப் பழைய வழக்கத்துக்கு மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

பதிவு 6 – வண்ணாமடை மாணவன்

பெரியவர்கள் பேசும் இடத்தில் எழுதத் தயக்கமாக இருக்கிறது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதல் பதிவில் சொல்லப்பட்ட பாலம் எனக்கு நன்றாகத் தெரியும், அங்கே நின்ற கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். அங்கே எப்படி நடக்கிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

யாரும் யாரையும் ‘குதி’ என்று சொல்வதில்லை. ஒருவன் சட்டையைக் கழற்றுவான், இன்னொருவன் கைப்பேசியை எடுத்துப் படம்பிடிக்கத் தயாராவான், மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு சட்டையைத் திரும்ப மாட்டிக்கொள்வது முடியாத காரியம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கூட்டத்தின் தலைவன்தான் எல்லோரையும் கெடுக்கிறான் என்று நினைக்கிறார்கள். தலைவன் குதித்து நான் அதிகம் பார்த்ததில்லை, அவனுக்கு அதற்கான தேவையே இல்லை. குதிப்பவன் பெரும்பாலும் புதிதாக வந்து சேர்ந்தவன், கூட்டத்தில் தன் இடம் உறுதியாகாதவன்.

நம் பகுதியில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னுக்கு மலையாளப் பிள்ளைகள் நிறைந்த வகுப்புக்குப் போகும் பையனை முதல் வாரத்திலேயே ‘பாண்டி’ என்று கூப்பிடுவார்கள். கேலிதான், பகை கிடையாது என்று சொல்வார்கள். ஆனால் அந்தப் பெயரிலிருந்து விடுபட அவனுக்கு இருக்கும் மிக விரைவான வழி, மற்றவர்கள் செய்யத் துணியாத ஒன்றைச் செய்துகாட்டுவதுதான். நன்றாக மலையாளம் பேசக் கற்றுக்கொள்ள ஓராண்டு ஆகும்; பாலத்திலிருந்து குதிக்க ஒரு நொடி போதும். இந்தப் பக்கத்திலிருந்து பொள்ளாச்சிப் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு ‘மலையாளத்தான்’ என்ற பெயர் கிடைப்பதும் உண்டு, அங்கேயும் இதே கதைதான்.

ஆலோசகர் சொன்ன சோதனையைப் படித்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. தினமும் அதே பாலத்தைத் தனியாகக் கடந்து போகும் பையன்களில் ஒருவன்கூட நின்று குதித்துப் பார்த்ததில்லை.

பதிவு 7 – செவிலியர், அரசு மருத்துவமனை

தம்பி எழுதியதோடு மருத்துவப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் பதிவில் காறையெலும்பு முறிந்ததைப் பெரிய விபத்தாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பையன் அதிர்ஷ்டசாலி. ஆழம் தெரியாத தண்ணீரில் தலை முதலில் படும்படி குதித்தால் முறிவது கழுத்தெலும்பு. உள்ளே போகும் தண்டுவடம் நசுங்கினால் கைகால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கலாம். அப்படி அடிபட்டவனை நண்பர்கள் பதற்றத்தில் கைகளைப் பிடித்து இழுத்துத் தூக்கும்போது, மிச்சமிருக்கும் வாய்ப்பும் போய்விடக்கூடும். தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி தாங்கித்தான் கரையேற்ற வேண்டும்.

இன்னொரு விஷயம், கான்கிரீட் பூசிய வாய்க்கால் ஆற்றைப் போன்றது அல்ல. சரிவான கரை முழுவதும் பாசி படிந்திருக்கும், பிடித்து ஏறப் புல்லோ வேரோ இருக்காது, நீரோட்டமோ ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டே போகும். நன்றாக நீந்தத் தெரிந்தவனே சோர்ந்துபோவான். மூழ்குபவன் கத்திக் கூப்பிடுவான் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். மூச்சுக்குத் தவிப்பவனால் பெரும்பாலும் குரலெழுப்ப முடியாது. கூட்டமாக நிற்கும்போது, அவன் நடிக்கிறான் என்று ஒருவன் சிரித்தால் மற்றவர்களும் சிரித்துவிடுகிறார்கள். அந்த அரை நிமிடம்தான் உயிர். பின்னால் குதிக்கச் சொல்லாதீர்கள். வேட்டி, கயிறு, மூடிய காலி கேன், எது கிடைத்தாலும் எறியச் சொல்லிக்கொடுங்கள்.

பதிவு 8 – கோவிந்தாபுரம் கடைக்காரர்

கூட்டம் பார்த்தால் துணிச்சல் கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரேக்ளா பந்தயத்தில் மாடு ஓட்டுபவனுக்கே அப்படித்தான். ஆனால் என் அக்கா மகன் விஷயத்தில் இருந்தவன் பள்ளிப் பையன் அல்லன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும், பைக் வைத்திருந்தான், செலவுக்குப் பணம் கொடுத்தான். அவனிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றா சொல்கிறீர்கள்?

பதிவு 9 – பள்ளி ஆலோசகர், பாலக்காடு

நிச்சயமாகப் பிரிக்க வேண்டும். வயதில் மூத்தவன் ஒருவன் பதினாறு வயதுப் பையனைச் சுற்றி வருவதை நட்பு என்ற கணக்கில் சேர்க்கக் கூடாது. அது காவல்துறைக்கோ குழந்தைகளுக்கான 1098 எண்ணுக்கோ தெரிவிக்க வேண்டிய விஷயம்.

பதிவு 10 – வழக்கறிஞர் அலுவலக உதவியாளர்

சட்டத்தைப் பற்றி யாரும் பேசாததால் சில செய்திகளை மட்டும் குறிப்பிடுகிறேன். 16 வயது நிறைந்தவர் 50 சி.சி.க்கு மிகாத, கியர் இல்லாத வண்டியை உரிமத்தோடு ஓட்டலாம். மற்ற வண்டிகளுக்கு 18 வயது நிறைய வேண்டும். 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க முழு முயற்சி செய்ததாகவோ அவர்தான் நிரூபிக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. எங்கள் அலுவலகத்துக்கு வரும் தகப்பனார்களில் பெரும்பாலோர் இதை விபத்துக்குப் பிறகுதான் கேள்விப்படுகிறார்கள்.

மதுவோ புகையிலையோ போதைப் பொருளோ சிறுவருக்குக் கொடுத்தால், 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். கல்வி நிலையத்திலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கவே கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

எல்லையோரத்தில் இவற்றை நடைமுறைப்படுத்துவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மது வாங்கும் வயது கேரளத்தில் 23, தமிழ்நாட்டில் 21. இங்கே கள்ளுக்கடைக்கு உரிமம் உண்டு. அங்கே கள்ளுக்குத் தடை, ஆனால் டாஸ்மாக் கடை உண்டு. இந்தப் பக்கம் துரத்தினால் அந்தப் பக்கம், அந்தப் பக்கம் துரத்தினால் இந்தப் பக்கம் என்பது பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பதிவு 11 – மீனாட்சிபுரம் அம்மா

இவ்வளவு பேசியும் பெண் பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து பேர் பட்டியலிலும் அவர்கள் இருக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுடைய ஆபத்து பாலத்தின்மேல் நடப்பதில்லை, சத்தமும் போடுவதில்லை. என் மகள் ஒன்பதாம் வகுப்பு. அவள் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில், ஒருத்தியிடம் ஒரு பையன் படம் கேட்கிறான் என்றால், ‘அனுப்பாவிட்டால் நீ அவனை நம்பவில்லை என்று அர்த்தம்’ என்று எடுத்துச் சொல்பவர்கள் அந்தப் பையனின் நண்பர்கள் அல்லர், அவளுடைய உயிர்த் தோழிகள். கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்வதுதான் அன்பு என்றும், வீட்டில் சொல்வது துரோகம் என்றும் ஒரு நியாயத்தைத் தங்களுக்குள் வைத்திருக்கிறார்கள். பிறகு படம் எங்காவது வெளியே போனால், அதே குழு அவளை ஒரே நாளில் ஒதுக்கிவிடுகிறது. இதையும் சேர்த்து யோசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வெறும் ‘போனைப் பிடுங்கு’ என்ற பதிலை மட்டும் தர வேண்டாம். பிடுங்கினால் தோழியின் போனில் பார்க்கிறாள்.

பதிவு 12 – பள்ளி ஆலோசகர், பாலக்காடு

அம்மா, தாங்கள் எழுதியது மிகச் சரி. சிரித்து ஊக்குவிப்பதும் ஒதுக்கிவைத்துத் தண்டிப்பதும் ஒரே கூட்டத்தின் கையில்தான் இருக்கின்றன. அந்தக் கூட்டத்தை நம் பக்கம் சேர்த்துக்கொள்ளும் முயற்சிகளைப் பற்றித்தான் அடுத்து எழுத நினைத்திருந்தேன்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 56 நடுநிலைப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு எலிசபெத் பாலக் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை நடத்தி, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். பள்ளியில் யாரோடு நேரம் செலவிடுகிறாய் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டு, நட்பு வலையை வரைந்தார்கள். பாதிப் பள்ளிகளில் ஒரு சிறு குழுப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, சண்டைக்கும் கேலிக்கும் எதிராக என்ன செய்யலாம் என்பதை அவர்களையே முடிவு செய்யவைத்தார்கள். சுவரொட்டியின் வாசகம் வரை எல்லாம் பிள்ளைகளுடையது. ஓராண்டில் அந்தப் பள்ளிகளில் பதிவான மாணவர் மோதல்கள் 30 சதவீதம் குறைந்தன. பலரும் பழக விரும்பும் பிள்ளைகள் அந்தக் குழுவில் எவ்வளவு அதிகமாக இருந்தார்களோ அவ்வளவு பலன் கூடியது. அவர்கள் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சில சமயம் உங்கள் பதினைந்து பேரில் மூன்று பேராகவும் இருக்கலாம். நாம் வழக்கமாக வகுப்புத் தலைவனைத்தான் மேடையில் ஏற்றுகிறோம், அவன் பேச்சை ஆசிரியர்கள் மட்டுமே கேட்கிறார்கள்.

பிள்ளைகள் ஒருவரைப் பற்றி ஒருவர் வைத்திருக்கும் தவறான கணக்கையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் 1986இல் பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் ஆகியோர் கண்டது, சக மாணவர்கள் குடியை எவ்வளவு ஆதரிக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் மிகைப்படுத்தியே நினைத்தார்கள் என்பது. மனத்துக்குள் எல்லோரும் தயங்குகிறார்கள். வெளியே எல்லோரும் மற்றவர் தயங்கவில்லை என்று நம்புகிறார்கள். பெயர் எழுதாத சீட்டில் ‘நீ குதிக்க விரும்புகிறாயா, உன் நண்பர்கள் விரும்புகிறார்கள் என்று நினைக்கிறாயா’ என்று இரண்டு கேள்விகள் கேட்டு, விடைகளை வகுப்பிலேயே எண்ணிக் காட்டிப் பாருங்கள். விடை எப்படி வரும் என்று முன்கூட்டியே சொல்ல மாட்டேன், ஆனால் கேட்டுப் பார்க்கத் தகுந்த கேள்வி.

ஐஸ்லாந்து நாட்டில் 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் ஒரு முறையாவது குடித்துப் போதையேறியதாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. விளையாட்டு, இசை ஆகியவற்றுக்கு அரசு பணம் கொடுத்தது, பெற்றோர் ஒன்றுகூடி இரவில் பிள்ளைகள் வெளியே திரியும் நேரத்துக்குப் பொதுவான வரம்பு வைத்தார்கள். பிள்ளைகளின் வேட்கையைக் குறைக்க யாரும் முயலவில்லை. அது போய்ச் சேரும் இடத்தை மாற்றினார்கள்.

பதிவு 13 – ஓய்வுபெற்ற கணக்காசிரியர்

ஐஸ்லாந்தின் மக்கள்தொகை நான்கு லட்சத்தைத் தொடாது. நம் பாலக்காடு மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படியே 28 லட்சம் பேர். எனவே அந்த எண்ணை நான் கொஞ்சம் தள்ளியே வைக்கிறேன். ஆனால் வெளியிலிருந்து எதற்கு உதாரணம்? 2010இல் கேரளத்தில் தொடங்கிய மாணவர் காவல் படைத் திட்டத்தில், சீருடை போட்டு அணிவகுப்புப் பயிற்சி செய்வதற்காக விடியற்காலையில் எழுந்து வந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். கூட்டத்தின் முன் நிமிர்ந்து நிற்க அவர்களுக்கும் ஆசைதான், பாலத்துக்குப் பதிலாக மைதானம் கிடைத்தது. குறை என்னவென்றால், அதற்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஒழுங்காக இருப்பவர்கள். உயரம் தாண்டுவதிலும் ஓடுவதிலும் கெட்டிக்காரனான பின்பெஞ்சுப் பையன் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறான்.

தனி முகாமுக்குப் பதிலாக எல்லா வகைப் பிள்ளைகளையும் கலந்து கூட்டுவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். ‘நல்ல’ பிள்ளைகளின் பெற்றோர் தம் பிள்ளையை மற்றவர்களோடு சேர்க்க ஒப்புவார்களா?

பதிவு 14 – வண்ணாமடை மாணவன்

சார், பட்டியல் இல்லாவிட்டால் யார் ‘மற்றவர்’ என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு மறுக்கக் கற்றுக்கொடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கூட்டத்தின் நடுவில் ‘முடியாது’ என்று சொல்ல எவனாலும் முடியாது. ஆனால் மானம் போகாமல் கழன்றுகொள்ள ஒரு சாக்கு கிடைத்தால் போய்விடுவான். என் நண்பன் ஒருவன் தன் அப்பாவுக்கு வெறும் புள்ளி ஒன்றை அனுப்புவான். உடனே அவர் அழைத்து, ‘எங்கேடா இருக்கிறாய், ரேஷன் கடைக்கு வா’ என்று எல்லோருக்கும் கேட்கும்படி திட்டுவார். அவன் முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளை எடுப்பான். வீட்டுக்குப் போன பிறகு அவர் எதுவும் விசாரிக்க மாட்டார். விசாரித்திருந்தால் அடுத்த முறை அவன் அந்தப் புள்ளியை அனுப்பியிருக்க மாட்டான்.

பதிவு 15 – கோவிந்தாபுரம் கடைக்காரர்

அந்த அப்பா கெட்டிக்காரர். பட்டியல் வேண்டாம் என்பதற்கு இப்போது நானும் சம்மதிக்கிறேன், சிறைக்கும் அழைத்துப் போக வேண்டாம். இருந்தாலும், திரும்பத் திரும்பச் செய்கிற பையனிடம் யாராவது தனியாக உட்கார்ந்து பேசத்தான் வேண்டும், கூட்டத்தோடு சேர்த்து மட்டும் பார்த்தால் அவன் நழுவிவிடுவான் என்பது என் கருத்து.

பதிவு 16 – கொழிஞ்சாம்பாறைப் பெற்றோர்

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையிலிருந்து சில பகுதிகளை அச்செடுத்துச் செயற்குழுவில் படித்தேன். தனி முகாமும் சிறைப் பயணமும் கைவிடப்பட்டன. பட்டியலைத் தலைமையாசிரியர் திரும்பப் பெற்றுக்கொண்டார். இரண்டு உறுப்பினர்கள் இது பிள்ளைகளுக்கு இளக்காரம் கொடுப்பது என்று இன்னும் சொல்கிறார்கள், அவர்கள் கருத்தும் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு முழுவதற்கும், தமிழ் வழி, மலையாள வழி இரண்டையும் கலந்து, பெண் பிள்ளைகளையும் சேர்த்து, பெயரில்லாச் சீட்டுக் கேள்வியோடு தொடங்கலாம் என்று முடிவாகியுள்ளது. மீனாட்சிபுரம் அம்மா எழுதியதைப் படித்துக் காட்டியபோது ஆசிரியைகள் இருவர் உடனே பேச முன்வந்தார்கள். கடைக்காரர் சொன்னபடி, தனியாகப் பேச வேண்டிய பிள்ளைகளிடம் ஆலோசகரே ஒவ்வொருவராகப் பேசுவார். வாய்க்கால் பாலத்தருகே இரும்பு ஏணிப் படியும், எறிவதற்குக் கயிறும் வைக்கக் கோரி நீர்ப்பாசன அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். வழக்கறிஞர் அலுவலக நண்பர் வாசகத்தைச் சரிபார்த்துத் தந்தால் உதவியாக இருக்கும்.

பதிவு 17 – செவிலியர், அரசு மருத்துவமனை

மனுவை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். கயிறும் கேனும் இந்த வாரமே வாங்கி, பாலத்துக்கு அருகிலுள்ள வீட்டில் கொடுத்துவையுங்கள். எறியும் பயிற்சிக்கு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அன்றைக்கு அந்தக் குதிக்கிற பையன்களையே அழைத்து வாருங்கள், தண்ணீரின் போக்கு அவர்களுக்குத்தான் தெரியும்.